1918 வசந்தம்: ஜெர்மனி அடித்திருக்க வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா, பேசியிருக்க வேண்டுமா?

1917 நவம்பர் 11-ம் தேதி, ஜெர்மனியின் பிடியில் இருந்த பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் ஜெர்மன் ராணுவத்தின் மூத்த அதிகாரிகள் சிலர் கூடினார்கள். கூட்டியவர் லூடன்டார்ஃப். தலைமைத் தளபதி என்ற பட்டம் ஹிண்டன்பர்கிடம் இருந்தாலும் ராணுவத்தை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர் இவர்தான். பேரரசர் அங்கே இல்லை, சான்சலர் இல்லை. அடுத்த ஆண்டு மேற்கு முனையில், அதாவது பிரான்சு, பெல்ஜியப் போர்க்களத்தில், எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது என்பதைச் சுற்றியே பேச்சு போனது. இந்த அடி விழுந்து, அது ஜெயித்தும் விட்டால், எதிரி எதற்காகப் போரை நிறுத்துவான் என்ற கேள்விக்கு அந்த மேஜையில் பதில் இல்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே நவம்பர் 11 அன்று, ஜெர்மனி போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது.

முதல் உலகப் போர் எப்படித் தொடங்கியது என்று நம்மில் பலரும் படித்திருக்கிறோம். அது எப்படி முடிந்தது என்பதைத்தான் நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் அந்த முடிவு 1918 மார்ச்சிலிருந்து ஜூலை வரை நடந்த 5 பெருந்தாக்குதல்களில் அடங்கியிருக்கிறது. அதுவரை மேற்கு முனையில் யாரும் பிடிக்காத அளவு நிலத்தை ஜெர்மனி பிடித்தது. அந்தப் பிடித்த நிலமே அதைத் தோற்கடித்தது. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெர்மனி பெல்ஜியத்தை விட்டுத்தருகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்து, மேற்கில் தாக்காமல் வலுவாக நின்றிருக்க வேண்டும். தாக்கியே தீருவது என்றால் முழுப் பலத்தையும் வடக்கே, பெல்ஜியக் கடற்கரையை ஒட்டிய ஃபிளாண்டர்ஸில் போட்டிருக்க வேண்டும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒவ்வொரு வழியையும் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில், அன்றைக்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? ரஷ்யாவில் புரட்சி நடந்து அந்த முனை சரிந்துவிட்டது. கிழக்கிலிருந்து படைகளை ரயிலில் ஏற்றி மேற்கே கொண்டுவர முடிந்தது. 1917 நவம்பரில் மேற்கில் சுமார் 150 டிவிஷன்களாக (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) இருந்தது அடுத்த மார்ச்சில் 190-ஐத் தாண்டிவிட்டது. போர் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக மேற்கில் ஜெர்மனிக்கு எண்ணிக்கையில் கை ஓங்கியிருந்தது. ஆனால் அது நிலைக்கிற பலம் இல்லை. அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கிவிட்டது, அதன் பையன்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கப் போகிறார்கள். உள்ளூரில் பட்டினி. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காமல் மாட்டுக்குப் போடும் டர்னிப்பைத் தின்று மக்கள் காலம் தள்ளினார்கள். 1918 ஜனவரி கடைசியில் பெர்லினில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டாளியான ஆஸ்திரியாவின் நிலை இன்னும் மோசம். ஆக, சில மாதங்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது, அதற்குள் எதையாவது செய்ய வேண்டும். இந்த அவசரம் பொய்யில்லை. லூடன்டார்ஃபைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சரி, வழிகளுக்கு வருவோம். சீக்கிரம் ஒதுக்கிவிடக்கூடிய இரண்டு முதலில்.

ஒன்று, இத்தாலியை மறுபடி அடிப்பது. 1917 அக்டோபர் 24-ல் கபோரெட்டோவில் ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் அடித்த அடியில் இத்தாலி இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வீரர்களைக் கைதிகளாக இழந்தது. பியாவே ஆறு வரை ஓடியது. அப்புறம்? நின்றது. பிரிட்டிஷ், பிரெஞ்சு டிவிஷன்கள் உதவிக்கு வந்தன, இத்தாலி போரை விட்டு விலகவில்லை. அவ்வளவு பெரிய அடிக்கே விலகாத நாட்டை இன்னொரு முறை அடித்தாலும் லண்டனும் பாரிசும் அசையப் போவதில்லை.

இன்னொன்று, பட்டத்து இளவரசரின் படைக்குழுவின் தலைமை அதிகாரி ஷூலன்பர்க் சொன்னது: வெர்டனைச் சுற்றி அடித்து பிரான்சை உடைப்பது. 1917 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி நிவெல் நடத்திய தாக்குதல் தோற்ற பிறகு பிரெஞ்சு வீரர்கள் பல டிவிஷன்களில் முன்னேற மறுத்துக் கலகம் செய்தார்கள், ஆகவே பிரான்சுதான் பலவீனமான கண்ணி என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின் வந்த தளபதி பெத்தான் பல மாதங்களாக அந்தப் படையைத் தேற்றிக்கொண்டிருந்தார். வீரர்களுக்கு விடுப்பு, நல்ல சாப்பாடு, வீணான தாக்குதல்கள் இல்லை. மேலும் தங்கள் மண்ணில் தற்காத்து நிற்கும் பிரெஞ்சுக்காரன் வேறு ஆள் என்பதை 1916-ல் அதே வெர்டனில் ஜெர்மனி 10 மாதம் பார்த்திருந்தது. பின்னால் பின்வாங்குவதற்கும் பிரான்சுக்கு இடம் நிறைய. இதை லூடன்டார்ஃப் ஒதுக்கியது சரி என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது பிரிட்டிஷ் படையை அடிப்பது. இங்கேதான் உண்மையான போட்டி: வடக்கே ஃபிளாண்டர்ஸா, தெற்கே செயின்ட் கென்டினா?

ரூப்ரெக்ட் இளவரசரின் படைக்குழுத் தலைமை அதிகாரி குல் ஃபிளாண்டர்ஸைக் கேட்டார். காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். வடக்கே பிரிட்டிஷ் படைக்கு முதுகுக்குப் பின்னால் இடமே இல்லை, கொஞ்சம் தள்ளினால் கடல். முனையிலிருந்து 30 கிலோமீட்டர் அளவில் ஹாஸ்புரூக் என்ற ரயில் சந்திப்பு இருக்கிறது. வடபகுதியில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்கான உணவு, குண்டு, ஆட்கள் பெரும்பகுதி அந்தச் சந்திப்பு வழியாகத்தான் போக வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் எதிரியை விரட்டிக்கொண்டே போக வேண்டிய அவசியம் இல்லை, அவனே துறைமுகங்களை நோக்கி ஒதுங்க வேண்டியிருக்கும். இலக்கு பக்கத்தில், பலன் பெரிது.

குறை? சேறு. லீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஏப்ரல் நடுவரை பீரங்கி இழுக்கத் தாங்காது என்பது வழக்கமான கணக்கு. அதே ஃபிளாண்டர்ஸில்தான் பாசென்டேலில் பிரிட்டிஷ் படை மூன்றரை மாதம் சேற்றில் மூழ்கிச் செத்து, மோன்ஸ் கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் அந்தச் சண்டை ஓய்ந்திருந்தது. அமெரிக்கர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஏப்ரல் வரை காத்திருப்பது லூடன்டார்ஃபுக்குத் தாமதமாகப் பட்டது. இன்னொரு குறை, அந்த இடத்தின் அருமை பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்குக்கும் தெரியும், அதனால் தன் ரிசர்வ் படைகளை வடக்கில்தான் அதிகம் வைத்திருந்தார்.

தெற்கே எல்லாமே நேர்மாறு. செயின்ட் கென்டின் பகுதியில் தரை காய்ந்திருந்தது, மார்ச்சிலேயே தொடங்கலாம். எதிரே இருந்த பிரிட்டிஷ் தளபதி கஃபின் ஐந்தாம் படை ஜனவரியில்தான் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அந்தப் பகுதியின் ஒரு பங்கை ஏற்றிருந்தது. சுமார் 12 டிவிஷன்களை வைத்துக்கொண்டு 65 கிலோமீட்டருக்கும் மேல் காக்க வேண்டும், பின்வரிசைப் பதுங்குகுழிகள் பாதிகூட வெட்டி முடியவில்லை. உடைப்பதற்கு இதைவிட லேசான இடம் கிடையாது. ஆனால் உடைத்துப் போனால் என்ன கிடைக்கும்? முக்கியமான முதல் இலக்கு அமியான் ரயில் சந்திப்பு, அது 70 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் இருப்பது 1916 சோம் சண்டையில் குதறிப்போன நிலம். அதற்கும் இந்தப் பக்கம், 1917 தொடக்கத்தில் ஜெர்மனியே பின்வாங்கியபோது வேண்டுமென்றே அழித்துவிட்டுப் போன நிலம்: கிணறுகளைக் கெடுத்து, மரங்களை வெட்டிச் சாய்த்து, சாலைகளைத் தகர்த்து, வீடுகளை இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து தங்கள் குதிரைகளும் பீரங்கிகளும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு லூடன்டார்ஃப் மேல் உள்ள பெரிய குறை. எங்கே உடைப்பது எளிது என்று அவர் பார்த்தார், உடைத்தால் எங்கே எதிரிக்கு வலிக்கும் என்று பார்க்கவில்லை. முதலில் ஒரு ஓட்டையைப் போடுவோம், மற்றது தானாக நடக்கும், ரஷ்யாவிலும் அப்படித்தானே நடந்தது என்பது அவருடைய போக்கு, ரூப்ரெக்ட் தன் நாட்குறிப்பில் இதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். ரஷ்யாவில் அப்படி நடந்ததற்குக் காரணம் அந்த அரசு உள்ளே உளுத்திருந்தது. 1917 ஜூலையில் ரஷ்யப் போர் அமைச்சர் கெரென்ஸ்கி தன் சோர்ந்துபோன படையை முன்னால் தள்ளிய தாக்குதலில் அந்தப் படையே கலைந்துபோனது. பிரிட்டனும் பிரான்சும் அந்த நிலையில் இல்லை.

வெட்ஸல் என்ற அதிகாரி நடுவழி ஒன்று சொன்னார்: முதலில் தெற்கே அடித்து எதிரியின் ரிசர்வ் படைகளை இழுத்துவிட்டு, அங்கே நிறுத்திக்கொண்டு, பீரங்கிகளை வடக்கே மாற்றி ஹாஸ்புரூக்கை அடிப்பது. யோசனை நல்லதுதான், ஆனால் அதற்கு வேண்டியது முதல் அடி நன்றாகப் போகும்போது அதை நிறுத்தும் மனக்கட்டுப்பாடு. அது லூடன்டார்ஃபிடம் இல்லை என்பதை வரப்போகும் மாதங்கள் காட்டின.

1918 ஜனவரி 21-ல் செயின்ட் கென்டின் என்று முடிவானது. பெயர் மைக்கேல்.

மார்ச் 21 அதிகாலை 4.40. 80 கிலோமீட்டர் அகலத்தில் 6,600 பீரங்கிகள் 5 மணி நேரம் முழங்கின, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள், அதில் நச்சுவாயுக் குண்டுகளும் ஏராளம். பீரங்கி அதிகாரி புரூக்ம்யூலர் வகுத்த முறை அது. நாள்கணக்கில் சுட்டு எதிரியை எச்சரிக்காமல், சில மணி நேரத்தில் தந்திக் கம்பிகளையும் பீரங்கி நிலைகளையும் தலைமையகங்களையும் குருடாக்கிவிடுவது. அப்புறம் மூடுபனிக்குள் அதிரடிப் படைகள், வலுவான இடங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தன. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 38,000 பேருக்கு மேல் இழப்பு, அதில் 21,000 பேர் கைதிகள். ஜெர்மன் தரப்பிலும் 40,000 அளவு. இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் சொல்வதில்லை. வெற்றிகரமான அந்த நாளிலேயே ஜெர்மனி எதிரிக்குச் சமமாக இழந்தது, அதுவும் தேடிப் பொறுக்கிய இளம் வீரர்களை.

மார்ச் 23 அன்று 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு ராட்சத பீரங்கி பாரிசைச் சுடத் தொடங்கியது. போர் ஜெயித்தாயிற்று என்று பேரரசர் குதூகலித்தார், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறைகூட விட்டார்கள். அதே நாள்தான் லூடன்டார்ஃப் தன் திட்டத்தைத் தானே கலைத்த நாள். முதல் திட்டப்படி வலப்பக்கப் படைகள் வடமேற்காகத் திரும்பி பிரிட்டிஷ் வரிசையைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும், தெற்கே இருந்த ஹுட்டியரின் 18-ம் படை வெறும் காவல். ஆனால் வலப்பக்கம் ஆர்ராஸ் அருகே மாட்டிக்கொண்டது, காவலுக்கு நின்ற ஹுட்டியர் வேகமாக முன்னேறினார். உடனே லூடன்டார்ஃப் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மூன்று திசையிலும் படைகளை விரித்தார். ஒரு கையால் குத்தியதை விட்டுவிட்டு விரல்களை விரித்து அறைந்தது போல ஆயிற்று. ஒரு திசையிலும் போதுமான பலம் இல்லை.

வீரர்களும் களைத்தார்கள். ரப்பர் இல்லாத இரும்புச் சக்கர லாரிகள், சாகக்கிடந்த குதிரைகள், ரயில்பாதை இல்லாத பாழ்நிலம். உணவும் குண்டும் பின்னால் தங்கிவிட்டன. ஆல்பெர் போன்ற ஊர்களில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்த வீரர்கள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நம் நீர்மூழ்கிகளால் எதிரி கப்பல் இல்லாமல் பசியில் கிடக்கிறான் என்று சொல்லப்பட்டவர்கள், அவன் கிடங்கில் வெள்ளை ரொட்டியும் இறைச்சியும் மதுவும் குவிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். அது அவர்கள் மனதை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம் அதுவரை ஒற்றைத் தலைமை இல்லாமல் இருந்த நேசநாடுகள், மார்ச் 26 அன்று தூல்லான் என்ற ஊரில் கூடி பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கொடுத்தன. பெத்தான் பாரிசைக் காக்கப் பின்வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில் ஹெய்கே இதற்கு இறங்கி வந்தார். மூன்றரை வருடம் பேசியும் நடக்காததை லூடன்டார்ஃபின் தாக்குதல் 5 நாளில் நடத்திக்கொடுத்தது.

ஏப்ரல் 5-ல் தாக்குதல் நின்றது. 65 கிலோமீட்டர் ஆழம், 90,000 கைதிகள். அமியான் 16 கிலோமீட்டர் தொலைவில், பிடிபடாமல். ஜெர்மன் இழப்பு 2,40,000 அளவு. லூடன்டார்ஃபின் மனைவியின் மகன், விமானி, அவரும் அந்த மார்ச்சிலேயே செத்தார்.

அந்த அடியின் அதிர்வு இந்தியா வரை வந்தது. பாலஸ்தீனத்தில் இருந்த பிரிட்டிஷ் படைகளைப் பிரான்சுக்கு இழுத்து, அந்த இடத்தை இந்தியப் படைகளைக் கொண்டு நிரப்பினார்கள். ஏப்ரல் கடைசியில் வைசிராய் டெல்லியில் போர் மாநாடு கூட்டினார். காந்தி அதில் கலந்துகொண்டு ஆள்சேர்ப்பை ஆதரித்தார், பிறகு கேடா மாவட்டத்தின் கிராமங்களுக்குப் போய் ராணுவத்தில் சேரச் சொல்லிக் கேட்டார். அகிம்சையின் ஆள் ஏன் அப்படிச் செய்தார் என்று குழம்புகிறவர்கள் அந்த மார்ச் 21-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது ஃபிளாண்டர்ஸ். ஏப்ரல் 9-ல் அதையும் அடித்தார்கள்! முதலில் ஜார்ஜ் என்று பெயர் வைத்த திட்டம், மைக்கேலில் ஆட்களும் பீரங்கிகளும் கரைந்துவிட்டதால் சுருங்கிப்போய், பெயரும் ஜார்ஜெட் என்று சுருங்கியது. அந்த ஆண்டு வசந்தம் வழக்கத்தைவிடக் காய்ந்திருந்தது, பயந்த சேறு அந்த அளவுக்கு இல்லை. முதல் நாளே ஒரு போர்த்துகீசிய டிவிஷன் சிதறியது. ஏப்ரல் 11-ல் ஹெய்க் தன் படைக்கு விட்ட ஆணையில், முதுகு சுவரோடு ஒட்டிவிட்டது, கடைசி ஆள் வரை நில்லுங்கள் என்றார். அதிகம் பேசாத மனிதர் அவர். மார்ச் மாதத்தின் பேரழிவில்கூட அவர் இப்படி எழுதவில்லை. பாசென்டேலில் மூன்றரை மாதம் ரத்தம் சிந்திப் பிடித்த மேட்டை பிரிட்டிஷ் படை சில நாட்களில் தானாகக் காலி செய்தது. ஜெர்மன் படை ஹாஸ்புரூக்குக்கு 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டு, ஆள் போதாமல் நின்றது.

என் பார்வையில் ஒப்பீட்டின் தீர்ப்பே இங்கே இருக்கிறது. மிச்சம் மீதியை வைத்து அடித்தபோதே இவ்வளவு கிட்டே வந்தார்கள் என்றால், மார்ச் 21-ல் போட்ட முழுப் பலத்தையும் மூன்று வாரம் பொறுத்து இங்கே போட்டிருந்தால் ஹாஸ்புரூக் விழுந்திருக்கும் என்றே நம்புகிறேன். எதிர்வாதம் உண்டு: மைக்கேல்தான் ஹெய்கின் ரிசர்வ் படைகளைத் தெற்கே இழுத்தது, அதனால்தான் வடக்கு பலவீனமாக இருந்தது என்பார்கள். உண்மைதான். அப்படியென்றால் மைக்கேலை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நிறுத்தியிருக்க வேண்டும், வெட்ஸல் சொன்னபடி. இரண்டு வாரம் பாழ்நிலத்தில் ஓடவிட்டதற்கு அந்த வாதம் பதில் ஆகாது.

மே 27-ல் ஐன் ஆற்றில் மறுபடி அதே கதை. பிரெஞ்சுப் படைகளை ஃபிளாண்டர்ஸிலிருந்து இழுப்பதற்கான கவனத்திருப்பல் மட்டும் என்று தொடங்கினார்கள். முதல் நாளே 20 கிலோமீட்டர் போனதும் லூடன்டார்ஃபுக்கு ஆசை வந்துவிட்டது. மார்ன் ஆறு வரை, பாரிசுக்கு 90 கிலோமீட்டர் அளவில் போய் நின்றார்கள். பாரிசில் மக்கள் மூட்டை கட்டினார்கள், ஆனால் பிரான்சு சரணடையவில்லை. ஷத்தோ-தியெரியில் அமெரிக்கர்கள் வந்து நின்றார்கள். ஜூனில் இன்னொன்று, ஜூலை 15-ல் இன்னொன்று. ஜூலை 18 காலை வில்லர்-கோத்ரே காட்டிலிருந்து பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் நூற்றுக்கணக்கான டாங்கிகளோடு பாய்ந்தன, அன்றோடு முன்முயற்சி ஜெர்மனியின் கையை விட்டுப் போனது. ஃபிளாண்டர்ஸில் கடைசியாக அடிப்பதற்கு வைத்திருந்த திட்டமும் கைவிடப்பட்டது. ஆகஸ்ட் 8 அமியான் அடியை லூடன்டார்ஃபே ஜெர்மன் ராணுவத்தின் கறுப்பு நாள் என்று எழுதினார்.

கணக்கைப் பாருங்கள். மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஜெர்மன் இழப்பு 8 லட்சத்துக்கும் மேல். அதே காலத்தில் பிரான்சில் அமெரிக்கர்கள் 3 லட்சத்திலிருந்து 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆட்கள் குறைந்த நேரத்தில் காக்க வேண்டிய முனை, வீங்கிய நிலப்பகுதிகளால், 100 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுவிட்டது. கான்கிரீட் போட்டுக் கட்டிய ஹிண்டன்பர்க் அரணை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, அவசரமாகத் தோண்டிய குழிகளில் மிஞ்சியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பறப்பதைப் பிடிக்கப் போய் இருப்பதை விட்ட கதை.

இதை வைத்துக்கொண்டு அடுத்த வழியைப் பாருங்கள்: தாக்காமல் அந்த அரணிலேயே நின்றிருந்தால்? 1917 முழுக்க ஜெர்மனி அப்படித்தான் நின்றது, நன்றாகவே நின்றது. நிவெல் அதில் மோதித்தான் உடைந்தார், ஹெய்க் பாசென்டேலில் இரண்டரை லட்சம் அளவுக்கு இழந்தார். கிழக்கிலிருந்து வந்த 40 டிவிஷன்களையும் ரிசர்வாக வைத்துக்கொண்டு நின்றிருந்தால் 1918-ல் நேசநாடுகளால் அதை உடைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். 1917 நவம்பரில் காம்ப்ரேயில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் அந்த அரணுக்குள் புகுந்தது உண்மை, 10 நாளில் ஜெர்மனி எதிர்த்தடித்து அந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டதும் உண்மை.

ஆனால் வெறுமனே நிற்பது மட்டும் ஒரு வழியாகாது. பட்டினி தீராது. ஆஸ்திரியா, பல்கேரியா, துருக்கி ஒவ்வொன்றாக உதிரும். 1919-ல் டாங்கிகள் ஆயிரக்கணக்கில் வரும், அமெரிக்கர்கள் இன்னும் லட்சக்கணக்கில் வருவார்கள். நின்றுகொண்டே இருந்தால் மெதுவாகச் சாவது, அவ்வளவுதான். தற்காப்பு வாங்கிக் கொடுப்பது நேரம். அந்த நேரத்தை வைத்து ஏதாவது செய்தால்தான் அதற்கு விலை.

செய்யக்கூடியது ஒன்று இருந்தது, பேசுவது. 1917 நவம்பர் 29-ல் பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் சமாதானம் வேண்டும் என்று பத்திரிகையில் கடிதமே எழுதினார். 1918 ஜனவரி 5-ல் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் தொழிற்சங்கத்தினர் முன் பேசியபோது ஜெர்மனியை அழிப்பது எங்கள் நோக்கமில்லை என்றார், பெல்ஜியம் முழுமையாக மீட்கப்பட வேண்டும் என்பதை முதலில் வைத்தார். 3 நாள் கழித்து, சமாதானத்துக்காக அமெரிக்க அதிபர் வில்சன் முன்வைத்த 14 அம்சங்கள். பிரிட்டன் போருக்கு வந்ததற்கு வெளியே சொன்ன காரணம் பெல்ஜியம். அதை நிபந்தனையில்லாமல் விடுகிறோம் என்று பெர்லின் பகிரங்கமாகச் சொல்லியிருந்தால் லண்டனில் போரைத் தொடர்வதற்கு மக்களிடம் என்ன சொல்வார்கள்? வரலாற்றாசிரியர் ஹான்ஸ் டெல்ப்ரூக் ஜெர்மனிக்கு உள்ளேயே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. லூடன்டார்ஃபுக்கு பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டை வேண்டும், கடற்படைக்கு ஃபிளாண்டர்ஸ் கரை வேண்டும். தாக்குதல் தோற்றால் என்ன ஆகும் என்று பிப்ரவரியில் பாடன் இளவரசர் மாக்ஸ் கேட்டதற்கு, அப்படியானால் ஜெர்மனி அழியட்டும் என்றுதான் லூடன்டார்ஃபின் பதில் இருந்தது.

இந்த வழி நிச்சயம் பலித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நவம்பரில் பிரான்சின் பிரதமரான கிளெமான்சோ கடைசி வரை போர் என்பவர். பிரான்சிடமிருந்து முன்பு பிடித்த அல்சாஸ்-லொரேனை விட்டுக்கொடுக்க ஜெர்மனியில் யாரும் தயாரில்லை, வெளியுறவுச் செயலர் கூல்மானே 1917-ல் நாடாளுமன்றத்தில் அதை முடியாது என்று சொன்னவர்தான். அதோடு 1918 மார்ச் 3-ல் பிரெஸ்ட்-லிடோவ்ஸ்கில் ரஷ்யாவிடமிருந்து போலந்து, பால்டிக், உக்ரைன் என்று பிடுங்கியதைப் பார்த்த பிறகு ஜெர்மனி பேசும் சமாதானத்தை யார் நம்புவார்கள்? ஆகவே பேச்சு முறிந்திருக்கலாம். ஆனால் முறிந்தால் ஜெர்மனிக்கு இழப்பு என்ன? 8 லட்சம் ஆட்கள் அப்படியே இருப்பார்கள், அரண் அப்படியே இருக்கும், எதிரியின் தொழிலாளர் கட்சிகள் தங்கள் அரசுகளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். மைக்கேல் முறிந்தபோது இதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. எல்லா வழியும் தோற்கக்கூடிய நிலையில், தோற்றாலும் அடுத்த அடி எடுத்து வைக்க இடம் விடும் வழியைத்தான் நான் எடுப்பேன்.

1918 ஜூன் 24-ல் கூல்மான், ராணுவ முடிவுகளால் மட்டும் இந்தப் போர் முடியாது என்று நாடாளுமன்றத்தில் வாய்விட்டுச் சொன்னார். ஜூலையில் அவர் பதவி போனது. செப்டம்பர் 29-ல், ஹிண்டன்பர்க் அரணை பிரிட்டிஷ் படைகள் உடைத்துக்கொண்டிருந்த அதே நாளில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று பேரரசரிடம் போய் நின்றவர் லூடன்டார்ஃப். நவம்பரில் கையெழுத்தான நிபந்தனைகளில் பெல்ஜியம், பிரான்சு, லக்சம்பர்க், அல்சாஸ்-லொரேன் எல்லாவற்றையும் காலி செய்ய ஜெர்மனிக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 15 நாள்.